நாலாவது ஆணி

என் அம்மாவின் மாட்டுப்பட்டி காட்டுக்குள் இருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் காலி செய்ய வேண்டும் என்று அரசாங்கக் கடிதம் வந்தது. பட்டி அசையவில்லை. அம்மா பிறப்பதற்கு முன்னால் எந்தப் பாறையை ஒட்டி இருந்ததோ அதே பாறையை ஒட்டித்தான் இருந்தது. மாடுகளும் ஒன்றும் தெரியாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஆகவே காடுதான் இறங்கி வந்திருக்க வேண்டும். வந்த காட்டைத் திருப்பி அனுப்பாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் மருதக்கோணம். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலையடிவாரம். பேருந்து நிற்கிற கடைசி இடத்தில் இறங்கி, ஊரைக் கடந்து, ஓடையைத் தாண்டி ஏறினால் புல்மேடு. அங்கேதான் அம்மாவின் பட்டி. அம்மாவின் பெயர் ரத்னாபாய். இருபத்துச் சொச்சம் மாடுகளைப் பகலில் மேயவிட்டு, சாயங்காலம் கல்மதிலுக்குள் அடைத்து, விடியற்காலையில் பால் கறந்து கீழே அனுப்புவாள். அப்பா இறந்த மறுநாளும் கறந்தாள். என்னைப் படிக்கவைத்தது அந்தப் பால்தான் என்று எல்லாரையும்போல நானும் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதைவிடப் பெரிது. அம்மாவுக்கு அந்த மேட்டைத் தவிர வேறு உலகமே கிடையாது. அங்கிருந்து இறக்கினால் அவள் திருவனந்தபுரம் கரமனையில் என் வாடகை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கப்போவதில்லை. படுத்துவிடுவாள்.

நான் ரெனி, அவள் மகள். நகரத்தில் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் ஒரு அலுவலகத்தில் வேலை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று கணினியில் கோடு இழுப்பேன். அதனால் கடிதத்தோடு வந்திருந்த படத்தைப் பார்த்ததுமே ஒன்று புரிந்தது. யாரோ பழைய நில அளவை வரைபடத்தை எடுத்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் போர்த்தி, அதில் காட்டு எல்லை எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அம்மாவிடம் இருக்கும் பட்டயத்தில் 'ரிசர்வ் எல்லைக்கு மேற்கே', அதாவது காப்புக்காட்டுக்கு வெளியே, என்றுதான் எழுதியிருக்கிறது. எனவே எல்லாம் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் இருந்தது. நிலத்தில் எல்லை காட்டிய கற்குவியல்கள் என்றோ சரிந்துவிட்டன. அவற்றில் பாதி எங்கள் ஊர் மதில்களில் இருக்கும்.

படத்தைப் போட்டவர் ஸ்ரீகண்டன். கிழக்கேகோட்டையில், கோயிலைச் சுற்றிய அக்ரஹாரத் தெருவொன்றில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கி, ஒப்பந்தத்துக்கு வரைபட வேலை செய்கிறவர். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் காப்பி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே கணினியைத் திருப்பி வைத்துக் காட்டினார். இப்படிப்பட்டவர்களிடம் எனக்குச் சண்டை வராது, அதுவே ஓர் எரிச்சல்.

திரையில் பழைய வரைபடம் அழகாக இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் யாரோ குதிரையும் கூடாரமுமாக ஏறிப்போய் வரைந்தது. மலையின் உயரமெல்லாம் காப்பிநிறக் கோடுகளாக, கைரேகை மாதிரி சுற்றிச் சுற்றிப் போயின. புல்மேட்டில் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில் மாட்டுப்பட்டி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லையும் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தேன். அதைவிட முக்கியம், காகிதத்தில் அந்தப் பட்டி எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் அதையே இன்றைய படத்தின்மேல் போர்த்தினால் கோடு மேற்கே சரிந்து, அம்மாவின் பட்டியை உள்ளே போட்டுக்கொண்டது.

போர்த்துவதற்கு ஆணிகள் வேண்டும். பழைய படத்திலும் இன்றைக்கும் ஒரே இடத்தில் இருக்கிற நாலு இடங்களைப் பார்த்து, அதன்மேல் இதை வைத்து அடிக்க வேண்டும். ஸ்ரீகண்டன் எடுத்த நாலும் ஒழுங்கானவை. மலையுச்சியில் அளவைக் கல், கீழே ஆற்றின்மேல் பழைய பாலம், சந்தை முக்கு, கடைசியாக எங்கள் கோயில். எங்கள் ஊரில் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்.

"பாருங்கோ, இங்கதான் எனக்கே ஒரு உறுத்தல்" என்றார். பழைய படத்தில் கோயில் ஓடைக்குக் கிழக்கே, மலைப்பக்கம் இருந்தது. இன்றைக்கு ஓடைக்கு மேற்கே, ரோட்டுப்பக்கம் நிற்கிறது. அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மழையிலும் வெள்ளத்திலும் ஓடை தடம் மாறியிருக்கும். "ஓடை நகரும். கோயில் நகருமோ? சுவத்துல கல் பதிச்சிருக்கு, 1871ன்னு. சபையிலேர்ந்து கடுதாசும் குடுத்திருக்கா, ஆதியிலேர்ந்து இதே இடம்னு. கல்லுல எழுதினதை நான் எப்படித் தள்றது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தக் கல்லை நான் சின்ன வயதில் தடவித் தடவி எழுத்துப் படித்திருக்கிறேன். ஆனால் ஓடை தடம் மாறியதாக ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது இரண்டு பக்கமும் பாறைக்கு நடுவே போகிற ஓடை. பாறையை நகர்த்திக்கொண்டு எங்கே போகும்?

கோயில் ஆணியைப் பிடுங்கிவிட்டு மற்ற மூன்றை வைத்துப் போர்த்திப் பாருங்கள் என்றேன். பார்த்தார். எல்லைக்கோடு மலைமேல் ஏறிப் போய்விட்டது, பட்டி வெளியே வந்துவிட்டது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்று ஆணி போதாது, தகராறு உள்ள இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றாவது வேண்டும், அதுதான் விதி. கோயில் வேண்டாமென்றால் நாலாவதாக வேறு ஒன்றைக் கொண்டுவா, சபைக் கடிதம் ஏன் தப்பு என்றும் சொல்ல ஆள் கொண்டுவா, நானே மாற்றி எழுதித் தருகிறேன் என்றார். அரசாங்கக் கடிதத்தில் சொன்ன விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது.

வெளியே வந்ததும் அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன், நம் கோயில் எப்போதாவது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்ததா என்று. அம்மா எதற்கும் உடனே பதில் சொல்கிறவள். அன்றைக்கு மட்டும் வேறு ஆளைக் காட்டினாள்.

"அதை உனக்க மாமன்ட்ட கேளு" என்று வைத்துவிட்டாள்.

மாமா ஞானசிகாமணிக்கு ஆரியசாலையில் புண்ணாக்குக் கடை. மொத்த வியாபாரம். சபையின் செயலாளரும் அவர்தான். சபைக்கு நூற்றைம்பது ஆண்டு நிறைந்ததைக் கொரோனா காலத்தில் கொண்டாட முடியாமல் போய், இந்த வருஷம் கொண்டாடப் போகிறார்கள். கடைக்குள் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு மேலே விழாவுக்கான பேனர் சுருண்டு கிடந்தது. சபைக் கடிதத்தில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டவர் மாமா என்பதை ஸ்ரீகண்டன் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். போட்டபோது அது என்னத்துக்கென்று மாமாவுக்குத் தெரியாது. சரித்திர ஆராய்ச்சி என்று நினைத்துப் பெருமையோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவர் எனக்கு எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வரவழைத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு சொன்னேன்.

"மாமா, நீங்க ஒப்புப் போட்ட அந்தப் பேப்பர்தான் அம்மைக்க பட்டியைக் காட்டுக்குள்ள தள்ளியிருக்கு."

மாமா அதிர்ந்துபோனார். நடிப்பில்லை, அம்மாமேல் அவருக்கு உயிர். ஆனால் கோயில் இடம் மாறியதா என்று கேட்டதும் முகம் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிட்டது.

"நமக்க கோயில் எங்கயும் போவல்ல. முதல்ல இருந்தே இஞ்சதான் நிக்குது. அந்தப் படம் வரஞ்ச வெள்ளக்காரனுக்கு கண்ணு தெரியாது."

வேறு வழி சொன்னார். மாடுகளை விற்றுவிடட்டும், ரத்னம் ஆரியசாலைக்கு வந்து கடையில் கல்லாவில் உட்காரட்டும், அவளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மா புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பாளே தவிர அதை விற்க உட்கார்வாளா? என் கோபம் தலைக்கேறியது. நீங்கள் கடிதத்தைத் திரும்ப வாங்காவிட்டால் நான் வேறு சாட்சி தேடுவேன், கிடைக்கிறவரை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாமா பேனரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கையில் பழைய வரைபடத்தின் நகல், போனில் இடம் காட்டும் செயலி. அம்மா என்னைப் பார்த்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓடையைத் தாண்டி, பட்டிக்கு ஏறும் வழியில் பாதியில் திரும்பி, உண்ணிச்செடிப் புதருக்குள் வெட்டிக்கொண்டு போனாள். நான் ஆயிரம் தடவை கடந்துபோன புதர் அது. உள்ளே தரைமட்டத்தில் கருங்கல் அஸ்திவாரம் ஒன்று செவ்வகமாக ஓடியது. அதற்குப் பின்னால் கல்லறைகள். பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகியிருந்தன. ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தது. அதில் யோசுவா என்று பெயர், அம்மாவின் அப்பா.

ஈஸ்டர்தோறும் விடியற்காலையில் அம்மா எங்கே போகிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே உள்ள கல்லறைத் தோட்டத்தில் என் அப்பாவுக்குப் பூ வைத்துவிட்டு நாங்கள் திரும்பிய பிறகு, அவள் தனியாக இங்கே வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் இதைப் பேசியதும் இல்லை என்றாள்.

பிறகு செடிகளை வெட்டிக்கொண்டே கதையைச் சொன்னாள். சண்டை வந்தது அசனத்தில். வருஷத்துக்கொரு முறை கோயிலில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. மலைப்பக்கத்து மாட்டுக்காரர்கள் கறவை முடித்து மோர்ப்பானையோடு வருவதற்குள் ரோட்டுப்பக்கத்துக்காரர்கள் முதல் பந்தியை முடித்துவிட்டார்கள். மறுவருஷம் மலைப்பக்கத்திலிருந்து மோர் வரவில்லை. மோரில்லாத அசனம் என்று சுற்றுவட்டாரமெல்லாம் சிரித்தது. வாய்ச்சண்டை வளர்ந்து, ஒருநாள் ரோட்டுப்பக்கத்துக்காரர்கள் அஸ்திவாரக் கல்லைப் பெயர்த்தெடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே ஓடையைத் தாண்டிப் போய்ப் புதுக்கோயில் கட்டிவிட்டார்கள். 1871 என்று எழுதிய கல் அந்தச் சுவரில் ஏறியது. பழையது ஒரு மழையில் விழுந்தது. மலைப்பக்கத்து ஆட்களும் வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராகப் புதுக்கோயிலுக்கே வந்துவிட்டார்கள். அதன்பின் இதைப் பேசினால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம்.

கல்லைச் சுமந்தது மாமாவின் பெரியப்பா. தாத்தா யோசுவா அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இறந்திருந்தார். அப்போது எட்டு வயதான மாமாவைப் பெரியப்பா தன்னோடு ரோட்டுப்பக்கம் கூட்டிப்போனார். பாட்டி கைக்குழந்தையோடு பட்டியிலேயே இருந்துவிட்டார். அந்தக் கைக்குழந்தைதான் அம்மா. அண்ணன் ஓடைக்கு ரோட்டுப்பக்கம், தங்கை மலைப்பக்கம். மாமா அதன்பிறகு ஓடையைத் தாண்டியதே இல்லை. அவருக்கு மாட்டுவாடை ஆகாது என்று நாங்கள் கேலி செய்வோம். எனக்கு அப்போது என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

போனில் இடத்தைப் பதிந்துகொண்டேன். பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கோயிலுக்குப் பின்னால் கல்லறை அடையாளமும் இருந்தது. கோயிலைத் தேடிய அவசரத்தில் நானும் பார்க்கவில்லை, ஸ்ரீகண்டனும் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் முன்னறையில் கல்லறையை நாலாவது ஆணியாக அடித்தோம். நாலும் சொல்லிவைத்ததுபோல் ஒத்துப்போயின. ஓடை ஓடைமேல் விழுந்தது. எல்லைக்கோடு பட்டிக்குக் கிழக்கே, நல்ல தூரத்தில், மலைமேல் போய் நின்றது. ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தன் சர்வீஸில் நகர்ந்த கோயிலை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் அவரும் பிடிவாதக்காரர். மாற்றி எழுதித் தருகிறேன், ஆனால் சபையின் கடிதம் ஃபைலில் இருக்கிறவரை அதிகாரி எதை எடுப்பார், அந்தப் புதருக்குள் இருப்பது இந்தச் சபையின் கல்லறைதான் என்று சபைக்காரர் ஒருவர் சொல்ல வேண்டாமா என்றார்.

ஊரில் வயதானவர்கள் வீடு ஒன்று விடவில்லை. காப்பி கிடைத்தது, பலகாரம் கிடைத்தது, சாட்சி கிடைக்கவில்லை. விழா வருகிற நேரத்தில் இதை எதற்குக் கிளறுகிறாய் என்றார்கள். சிலர் அம்மாவுக்காக வருத்தப்பட்டு ஜெபம் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணுங்கள், கூடவே ஒரு ஒப்பும் போடுங்கள் என்றேன். பெரியவர்களிடம் இப்படிப் பேசக்கூடாதுதான். கடைசியில் பழைய கோயில், புதுக்கோயில் இரண்டு இடத்துக் குறிப்பையும் வைத்து நானே ஒரு மனு எழுதி, சபைக் கடிதம் கொடுத்தவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டு விசாரணை அலுவலகத்தில் கொடுத்தேன். சொந்த மாமாவுக்குச் சம்மன் அனுப்பவைத்தவள் என்று ஊரில் பெயரும் வாங்கினேன்.

விசாரணையன்று மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். எங்களைப் பார்த்தும் தள்ளிப்போய் உட்கார்ந்தார். அம்மா பால் கறந்துவிட்டு முதல் பேருந்தில் வந்திருந்தாள். அதிகாரி ஓர் அம்மையார், மலையாளத்தில்தான் பேசினார், பொறுமையாகக் கேட்டார். ஸ்ரீகண்டன் இரண்டு படத்தையும் மேசையில் விரித்து, எது ஏன் மாறுகிறது என்று விளக்கினார். பிறகு அதிகாரி மாமாவிடம் கடிதத்தைக் காட்டி, இதில் உள்ளது சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றார் மாமா. ஆதியிலிருந்து இதே இடம்தானா என்று அதிகாரி மறுபடி கேட்டார். ஆமாம் என்று மாமா தலையை ஆட்டினார்.

நான் எழுந்து கத்தப்போனேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு அவள் எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, அப்பாவை எங்க அடக்கினோம்?"

மாமா தோள்துண்டை எடுத்து மடியில் மடித்தார். அம்மா விடவில்லை.

"நான் கைக்கொழந்தை. எனக்கு ஓர்மை இல்ல. நம்ம வீட்டுல பாத்தவுங்கள்ல நீங்க ஒராளுதான் மிச்சம். நான் வருசா வருசம் ஒரு கல்லைத் தொடச்சுட்டு வாறேன். அது அப்பாதானான்னு நீங்கதான சொல்லணும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மாமா மேசையில் கிடந்த பழைய வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். கடையில் சரக்குச் சீட்டைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். விரல் ஓடையைத் தேடிப் பிடித்து, கொஞ்ச நேரம் அதன் இந்தப் பக்கத்திலேயே நின்றது. பிறகு தாண்டியது.

"இஞ்ச" என்றார். "கோயிலுக்கப் பொறத்த."

எந்தக் கோயில் என்று அதிகாரி கேட்டார்.

"ஒரே கோயில்தான், மேடம். கல்லை நாங்க தூக்கிட்டு வந்தோம். நான் பெரியப்பாக்கக் கையப் பிடிச்சுட்டு வந்தேன்." மாமா துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார். "அப்பாவைத் தூக்கிட்டு வர முடியல்ல."

கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே எழுதி ஒப்புப் போட்டார். அதிகாரி கல்லறையை நாலாவது புள்ளியாக ஏற்றுக்கொண்டு, பட்டியும் அதைச் சுற்றிய மேய்ச்சல் நிலமும் ரிசர்வ் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குறித்து, காலி செய்யச் சொன்ன கடிதத்தை ரத்து செய்தார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், ஸ்ரீகண்டன் கொடுத்த கைக்குட்டையை நனைத்து அழுதேன்.

வெளியே வந்ததும் அம்மா பேருந்துக்கு அவசரப்பட்டாள், சாயங்காலக் கறவைக்குப் போயாக வேண்டும். மாமா எங்களோடு கிழக்கேகோட்டை நிறுத்தம்வரை வந்தார். விழாக் கமிட்டியில் இனி அவரை வைத்திருக்கமாட்டார்கள், அவர் பெயர் போட்ட பேனரையும் மாற்றி அடிக்க வேண்டும். பேருந்து வந்து அம்மா படியில் கால் வைத்தபோது மாமா, ஓடையில் இப்போது பாலம் உண்டா என்று கேட்டார். இல்லை, கல்லு மிதித்துத்தான் தாண்ட வேண்டும் என்றாள் அம்மா.

"அடுத்த ஈஸ்டருக்கு நானும் வாறேன்" என்றார் மாமா.

அம்மா ஜன்னலோர இடத்தைப் பிடித்து உட்கார்ந்து, வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஈஸ்டர் வரை எதுக்கு, ஞாயிற்றுக்கிழமை வாங்க. அரிவாள் கொண்டு வரணும், மத்தவுங்க கல்லறையெல்லாம் காடு மூடிக் கெடக்கு."